கூரை நமது, பெட்டி அவர்களது, ஆபத்து யாருடையது?

ஒருவருடைய வீட்டுக் கூரையில் ஏறித் துளையிடுவதற்கு இன்னொருவருக்கு உரிமை உண்டா? வீட்டுக்காரர் இடங்கொடுத்தாலன்றி இல்லை என்று சட்டம் படியாதவரும் விடை கூறுவர். ஆனால், எதற்கு இடங்கொடுத்தோம் என்பது வீட்டுக்காரருக்கே தெரியாதிருந்தால்? அவர் கையொப்பமிட்ட பத்திரம் அவரால் வாசிக்க முடியாத மொழியில் அச்சிடப்பட்டிருந்தால்? அப்பத்திரத்தின் பிரதிகூட அவர் கையில் இல்லாதிருந்தால்? அப்பொழுதும் அதனை இணக்கம் என்று கூறுவதா?

கம்பியில்லா இணைய இணைப்புக்காக இன்று வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்கு வீடு கூரையில் இரும்புக் குழாய் நாட்டப்படுகிறது. அதன் உச்சியில் ஒரு வெள்ளைப் பெட்டி ஏறுகிறது. தொலைவிலுள்ள கோபுரத்தின் அலைகளை வாங்கி, ஒரு கம்பி வழியாக வீட்டினுள் இருக்கும் ரவுட்டருக்கு அனுப்புவதே அதன் வேலை. அதே கம்பி, மேலே இருக்கும் பெட்டிக்கு வேண்டிய மின்சாரத்தையும் கொண்டு செல்கிறது. சுருங்கச் சொன்னால், வானத்துக்கும் நம் வீட்டு மேசைக்கும் இடையே ஓர் உலோக வழி திறக்கப்படுகிறது. அவ்வழியாகச் செய்தியும் வரும், மின்னலும் வரும்.

நாம் இப்பெட்டிக்குப் பகைவரல்லர். இது நமக்கு வேண்டும். போர் நடந்த ஆண்டுகளில் நம் பகுதிகளின் தொலைபேசிக் கம்பிகள் சிதைந்தன. நகரங்களில் இன்று ஒளியிழைக் கம்பி வந்திருக்கலாம். வயல் நடுவே தனித்து நிற்கும் வீட்டுக்கு அது எப்பொழுது வரும் என்று எவரும் உறுதிகூறார். கொள்ளை நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இந்நாட்டுப் பிள்ளைகள் அலையைத் தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறிப் பாடங்கேட்டதை நாளேடுகள் படத்துடன் வெளியிட்டன. தம்புள்ளைச் சந்தையில் இன்று வெங்காயம் என்ன விலை போகிறது என்பதைக் கமக்காரர் இடைத்தரகரின் வாயிலிருந்து மட்டுமே அறியும் நிலை ஒழிய வேண்டுமாயின், அவர் வீட்டுக்கு இணைப்பு வேண்டும். இவற்றையெல்லாம் மறுப்பவர் யார்? நாம் கேட்பது ஒன்றே. கூரை நமது. பணம் நமது. அப்படியிருக்க, ஆபத்து முழுவதையும் நம் தலையிலும் உரிமை முழுவதையும் கம்பனியின் கையிலும் வைக்கும் உடன்படிக்கையை நாம் ஏன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டும்?

முதலில் பெட்டியைப் பொருத்தும் வேலையைப் பார்ப்போம். அது ஏதோ ஆணியடிக்கும் வேலை என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணமே நம்மை ஏமாற்றுவோரின் மூலதனம்.

வானலையின் வலிமையை டெசிபெல் என்னும் அளவினால் அளப்பர். 3 டெசிபெல் குறைந்தால் வலிமை பாதியாகும். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகும். 20 குறைந்தால் நூறில் ஒரு பங்காகும். இவ்வளவு பெரிய வேறுபாடு ஒரே கூரையின் இரு மூலைகளுக்கு இடையே இருத்தல் கூடும். 2300 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் வரும் அலையின் நீளம் ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர். தகரக் கூரை அதனைத் திருப்பியடிக்கும். கொங்கிறீற்றுச் சுவர் அதனை விழுங்கும். மழையில் நனைந்த இலைகள் அதனைச் சிதறடிக்கும். கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தாற் போதும் என்பதும் சரியன்று. கோபுரம் 5 கிலோமீற்றர் தொலைவில் இருந்தால், நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 13 மீற்றர் ஆரமுள்ள வெளியிற் பெரும்பகுதி தடையின்றி இருத்தல் வேண்டும். இடையே ஒரு பனந்தோப்பு நின்றால் அதன் தலைகள் அவ்வெளியில் நுழைந்துவிடும். இன்று கன்றாய் நிற்கும் தென்னை ஐந்தாண்டில் நம் இணைப்பின் குறுக்கே நிற்கும்.

ஆகவே, பெட்டியை எங்கே வைப்பது என்பதைக் கூரையின் பல இடங்களில் அளந்து பார்த்த பின்னரே முடிவுசெய்தல் வேண்டும். நடப்பது என்ன? நாளொன்றுக்கு இத்தனை வீடு என்ற கணக்கோடு அனுப்பப்படும் இளைஞர் ஏணி எட்டும் இடத்தில் குழாயை அறைந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். அவரை நாம் குறைகூறவில்லை. அவருக்குக் கூலி வீட்டுக் கணக்கிற்கேயன்றி அளவையின் செம்மைக்கு அன்று. அக்கணக்கை வகுத்தவரையே நாம் குறைகூறுகிறோம்.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். விற்பனையாளர் முற்பகல் 11 மணிக்கு வந்து வேகத்தை அளந்து காட்டுகிறார். எண்கள் அழகாக இருக்கின்றன. பிள்ளை படிப்பதோ இரவு 8 மணிக்கு. அப்பொழுது அக்கோபுரத்தைச் சுற்றியுள்ள அத்தனை வீடுகளும் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கூரைப் பெட்டியை எவ்வளவு உயர்த்தினாலும் கோபுரத்தின் நெரிசல் குறையாது. பகலில் அளந்து காட்டி இரவுக்கும் சேர்த்துக் கையொப்பம் வாங்குவது, விளைந்த மூலையைக் காட்டி வயல் முழுவதற்கும் விலை பேசுவது போன்றதாகும். எந்தக் கமக்காரராவது அப்படி வயல் வாங்குவாரா?

அடுத்தது மின்னல். இந்நாட்டில் பங்குனி சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல் இடிமழை மிகுதி என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். வெட்டவெளியில், வீட்டின் உச்சியில், இரும்புக் குழாயை நாட்டுகிறவர் அதனை நிலத்தோடு இணைத்தல் வேண்டும். இதனையே புவித்தொடுப்பு என்கிறோம். வெறுமனே ஒரு கம்பியை நிலத்தில் குத்திவிட்டாற் போதாது. அக்கம்பி வீட்டு மின்னிணைப்பின் புவித்தொடுப்போடு பிணைக்கப்படாவிடின், மின்னல் அண்டையில் விழும்போது இரண்டுக்கும் இடையே அழுத்த வேறுபாடு உண்டாகும். அது ரவுட்டரின் ஊடாகவும், அதனோடு இணைத்த கணினியின் ஊடாகவும் பாய்ந்து சமன்படும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மண்ணின் கீழே சுண்ணக்கல். பல இடங்களில் மண்படை மெல்லியது. கோடையில் காய்ந்து கிடப்பது. காய்ந்த மண்ணில் குத்திய குறுங்கம்பி மின்னலுக்கு வழிவிடாது. ஈரம் நிற்கும் இடத்தைத் தேடி ஆழமாக இறக்குதல் வேண்டும். நேராகக் குழாயில் விழும் மின்னலைப் புவித்தொடுப்பு முற்றாக அடக்கிவிடும் என்று எவரும் சொல்லார். இடி முழங்கும்போது கம்பியைக் கழற்றி வைப்பதே அறிவு. ஆனால், புவித்தொடுப்பே இல்லாத குழாய் மின்னலுக்கு விடுக்கப்பட்ட அழைப்பாகும்.

இவற்றோடு சில சிறு காரியங்களும் உண்டு. கம்பி வீட்டினுள் நுழையுமிடத்தில் சற்றுக் கீழே தொங்கி மேலேறுமாறு விடப்படாவிடின் மழைநீர் அதன்வழியே உள்ளே வரும். வெயிலைத் தாங்காத மலிவுக் கம்பி விரைவில் வெடிக்கும். கடற்கரைக் கிராமங்களில் உப்புக்காற்று சாதாரண ஆணியைத் தின்றுவிடும். அஸ்பெஸ்ரஸ் கூரையில் துளையிடும்போது எழும் தூசு நெஞ்சறைக்கு நஞ்சு. மேலே மின்கம்பி செல்லும் இடத்தின் அருகே குழாயை உயர்த்துவது உயிரோடு விளையாடுவதாகும். இவை யாவும் தொழிலறிந்தோர் யாவர்க்கும் தெரிந்தவை. தெரிந்திருந்தும் செய்யப்படாதிருப்பதற்குக் காரணம் என்ன? செய்யாவிட்டால் நட்டம் கம்பனிக்கு இல்லை என்பதே காரணம்.

நட்டம் ஏன் கம்பனிக்கு இல்லை? இங்கேதான் பத்திரம் வருகிறது.

1934 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கைச் சட்டம் படிப்போர் அனைவரும் முதலாண்டிலேயே கற்கின்றனர். வேல்ஸ் நாட்டின் லண்டட்னோ நகரில் சிற்றுண்டிச்சாலை நடத்திய லெஸ்ற்றேஞ்ச் என்னும் பெண்மணி, சிகரெட் விற்கும் இயந்திரம் ஒன்றைக் கிராக்கொப் என்பாரின் கம்பனியிடம் வாங்கினார். நீட்டப்பட்ட படிவத்தில் வாசியாது கையொப்பமிட்டார். இயந்திரம் பழுதாயிற்று. வழக்குத் தொடுத்தார். சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த ஒரு வாசகம் கம்பனியின் பொறுப்புகளையெல்லாம் விலக்கியிருந்தது. கையொப்பமிட்டவர் வாசித்தாரா இல்லையா என்பது பொருட்டன்று என்று தீர்ப்பாயிற்று. நீதிபதிகளுள் ஒருவர் இம்முடிவுக்கு வருத்தத்துடனேயே வருவதாகக் கூறினார். வருத்தம் அவருக்கு, நட்டம் அப்பெண்மணிக்கு.

நம் நாட்டின் ஒப்பந்தங்களை ஆளும் உரோமன் டச்சுச் சட்டமும் கையொப்பமிடுபவன் விழிப்பாயிருக்கட்டும் என்றே கூறுகிறது. அந்தப் பெண்மணியாவது தாம் வாசிக்கக்கூடிய மொழியில் அச்சிட்ட படிவத்தை வாசியாது விட்டார். நம் கமக்காரர் வாசிக்க விரும்பினாலும் வாசிக்க முடியாத ஆங்கிலப் படிவங்களை நம் அலுவலக மேசையில் நாம் பலமுறை கண்டோம். பெட்டி கம்பனியின் உடைமை. ஆயினும் அது பழுதானால் விலை கொடுப்பவர் வீட்டுக்காரர். கூரை ஒழுகினால் கம்பனிக்குப் பொறுப்பில்லை. வேகத்துக்கு உறுதி இல்லை. குறித்த காலத்துக்குமுன் இணைப்பை நிறுத்தினால் தண்டம். இவ்வகை வாசகங்களை விளங்கப்படுத்தியதும் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: “இதிலேயா நான் கையெழுத்து வைத்தேன்?”

தமிழில் படிவம் வைத்திருக்கும் கம்பனி இருக்குமாயின் அதனை வாழ்த்துகிறோம். ஆனால், அப்படிவம் அலுமாரியில் இருந்து பயனில்லை. வீட்டு வாசலில், கையொப்பத்துக்கு முன், அது நீட்டப்படல் வேண்டும்.

இதற்கு மறுமொழியாகச் சிலர் கூறுவதையும் நாம் அறிவோம். “இது தனியார் வாணிகம். அரசியலமைப்பின் மொழி ஏற்பாடுகள் அரசைக் கட்டுப்படுத்துமேயன்றிக் கடைக்காரரைக் கட்டுப்படுத்தா. விருப்பமில்லாவிடின் வாங்காது விடலாமே” என்பர். முதற்பகுதி மேலோட்டமாக உண்மை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அந்த ஏற்பாடு அரசையே முதலில் பிணிக்கிறது. ஆனால், இக்கம்பனிகள் விற்பது தம் தோட்டத்தில் விளைந்த கத்தரிக்காயையா? அவை விற்பது வானலையை. வானலை பொதுமக்களின் சொத்து. அரசின் அனுமதிப்பத்திரம் இன்றி ஒருவரும் அதனைப் பாவிக்க முடியாது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அப்பத்திரத்தில் நிபந்தனைகள் விதிக்க இடமுண்டு. 1996 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவுக்குப் பாவனையாளரின் நலனைப் பாதுகாக்கும் கடமையும் உண்டு. ஆகவே, பாவனையாளர் கேட்கும் மொழியில் உடன்படிக்கை தருக என்று நிபந்தனை விதிப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. வேண்டியது மனம். மக்களின் அலையைக் கம்பனிக்குக் கொடுக்கும்போது மக்களின் மொழியையும் சேர்த்துக் கேட்பது பேராசையா?

வாங்காது விடலாம் என்னும் இரண்டாம் பகுதியோ வெறும் ஏளனம். பள்ளியும், வங்கியும், அரச அலுவலகமும் இணையத்தின்மேல் ஏறிவிட்ட பின்னர், வேண்டாமென்று ஒதுங்கி வாழச் சொல்வது, கிணறு ஒன்றே உள்ள ஊரில் தண்ணீர் பிடிக்காவிட்டால் விடு என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

இன்னுஞ் சிலர், செய்மதி வந்துவிட்டது, இனிக் கோபுரமும் வேண்டா, கம்பனிக்காரரின் தயவும் வேண்டா என்று மகிழ்கின்றனர். ஸ்டார்லிங்க் 2024 ஆகஸ்டில் அனுமதி பெற்று, 2025 ஜூலையில் இந்நாட்டில் சேவையைத் தொடங்கியது உண்மை. அதன் தட்டும் கூரையின்மேலேயே இருக்கிறது. அதற்கும் திறந்த வானம் வேண்டும். மரநிழல் அதற்கும் பகை. அதற்கும் மின்னல் உண்டு, ஒப்பந்தமும் உண்டு. பொருத்தும் வேலையோ வாங்குபவர் தாமே செய்துகொள்ளுமாறு அமைந்தது. ஆகவே, பொறுப்பு இன்னும் முழுமையாக வீட்டுக்காரரின் தோளில் இறங்குகிறதேயன்றி நீங்கவில்லை.

சட்டம் நம்மை முற்றாகக் கைவிட்டுவிட்டது என்று எவரும் எண்ணற்க. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது. கவனயீனத்தினால் ஒருவர் இறந்தாலோ காயமுற்றாலோ, அதற்கான பொறுப்பை எந்தச் சிறிய எழுத்தினாலும் விலக்கிவிட முடியாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்படல் வேண்டும் என்னும் உத்தரவாதத்தை அது ஒப்பந்தத்தினுள்ளே வைக்கிறது. ஏமாற்றும் விளம்பரத்தை அது குற்றமாக்குகிறது. ஆனால், அச்சபைக்கு முறைப்பாடு எழுத்தில் கொடுக்கப்படல் வேண்டும். சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்கப்படல் வேண்டும். நம்மவர் என்ன செய்கின்றனர்? தொலைபேசியில் நான்கு மாதம் முறையிட்டு, பெயர் தெரியாத குரல்களிடம் வாக்குறுதி பெற்று, காலம் கடந்த பின்னர் சட்டத்தரணியைத் தேடி வருகின்றனர். தொலைபேசியில் சொன்ன சொல் காற்றோடு போகும். எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பிய கடிதம் மன்றில் சாட்சியாகும்.

இங்கே நம் படித்த பெருமக்களையும் சற்றுக் கடிந்துகொள்ளுதல் வேண்டும். வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர், கணக்காளர், ஏன், நம் சட்டத்தரணிகள்தாமும், ஆங்கிலம் வாசிக்க வல்லவர்களாயிருந்தும் அப்படிவத்தை வாசிப்பதில்லை. “இதை யார் வாசிப்பார்?” என்று சிரித்துக்கொண்டே கையொப்பமிடுகின்றனர். அச்சிரிப்பின் விலையை அவர் கொடுப்பதில்லை. வாசிக்கத் தெரிந்தவர் எதிர்த்துக் கேட்காதபடியால், வாசிக்கத் தெரியாதவர்மேல் அதே படிவம் சுமத்தப்படுகிறது. மேடைகளிலே மொழியுரிமை முழங்கும் நாம், நம் வாசலில் நீட்டப்படும் தாளில் மொழியைத் தேடாதிருப்பது எவ்வளவு பெரிய முரண்பாடு! உரிமை என்பது மன்றத்திலும் மாநாட்டிலும் மட்டும் உள்ளதன்று. ஏணியோடு வாசலில் நிற்கும் இளைஞரிடம், “தமிழில் தாருங்கள் தம்பி” என்று கேட்கும் ஒரு வாக்கியத்திலும் அது உள்ளது.

ஆதலால் ஒவ்வொரு வீட்டாரும் நான்கு காரியங்களை உறுதியாகக் கேட்டல் வேண்டும். ஒன்று, உடன்படிக்கை தமிழில் தரப்படல் வேண்டும். பிரதி வீட்டிலேயே இருத்தல் வேண்டும். இரண்டு, கையொப்பத்துக்குமுன் கூரையின் பல இடங்களில் அலையின் வலிமை அளக்கப்படல் வேண்டும். வேகம் பகலிலும் இரவிலும் அளக்கப்பட்டு, எண்கள் தாளில் எழுதப்படல் வேண்டும். மூன்று, புவித்தொடுப்புச் செய்யப்பட்டது என்றும், கூரைக்கு ஏற்படும் சேதத்துக்குக் கம்பனியே பொறுப்பு என்றும் பொருத்துபவர் எழுதித் தருதல் வேண்டும். நான்கு, எழுதிய வேகம் கிடையாவிடின் தண்டமின்றி விலகும் உரிமை வேண்டும். இந்நான்கில் எது நியாயமற்றது என்று எந்தக் கம்பனியாவது மக்கள்முன் வந்து சொல்லட்டும்.

தனி வீடு கேட்டால் சிரிப்பர். ஊர் சேர்ந்து கேட்டால் செவிமடுப்பர். ஒவ்வொரு சனசமூக நிலையமும், கமக்காரர் அமைப்பும், கூட்டுறவுச் சங்கமும் தம் ஊரில் இணைப்பு வேண்டுவோரின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தல் வேண்டும். முப்பது வீட்டார் ஒரே கடிதத்தில் நான்கு கோரிக்கைகளையும் எழுதி அனுப்பினால், முப்பது வாடிக்கையாளரை இழக்க எந்த விற்பனையாளரும் துணியார். மின்தொழில் அறிந்த ஊர் இளைஞர் இருவர் அலையை அளக்கவும் புவித்தொடுப்பைப் பரிசோதிக்கவும் பழகிக்கொள்ளட்டும். நிலையத்தில் ஒரு முறைப்பாட்டுக் குறிப்பேடு இருக்கட்டும். நாள், நேரம், வேகம், பேசியவரின் பெயர் யாவும் அதில் பதியப்படட்டும். ஊருக்கு ஒரு சட்டத்தரணி அக்குறிப்பேட்டை மாதம் ஒருமுறை பார்வையிட்டு, மூன்று மாதத் தவணை தவறுமுன் முறைப்பாடுகளை அனுப்பிவைத்தல் வேண்டும். இதற்குக் கட்டணம் கேட்கும் சட்டத்தரணி நம் தொழிலுக்கே பெருமை சேர்ப்பவரல்லர்.

ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவுக்கும் ஒரு சொல். இந்நான்கு கோரிக்கைகளையும் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளாக விதிக்கும்படி அதனைக் கேட்கிறோம். அதனைத் தமிழிலேயே எழுதிக் கேட்போம். தமிழிலேயே பதிலும் பெறுவோம். ஆணைக்குழு அரசின் நிறுவனம். அரசியலமைப்பு அதனைப் பிணிக்கிறது. அங்கே தனியார் வாணிகம் என்ற சாக்கு இல்லை.

ஐப்பசி வருமுன் இவ்வேலை தொடங்கட்டும். மாரி இடிக்கு நம் மனுவும் தெரியாது, கம்பனியின் சிறிய எழுத்தும் தெரியாது. அது உயர்ந்து நிற்கும் குழாயையே அறியும். அக்குழாயின் கீழே உறங்குவது நம் பிள்ளைகள். கையொப்பமிடுமுன் கேளுங்கள். கேட்டது கிடைக்கும்வரை பேனாவை மூடி வையுங்கள்.